ஒரே அடுப்பு வாக்குமூலம்

மொர்வான் என்ற குடும்பப் பெயர் எங்களுக்கு எப்படி வந்தது என்பதற்குக் காரைக்காலில் இரண்டு கதைகள் இருந்தன. மூத்த வீட்டார் கதையில், எங்கள் முன்னோன் சவரிராயன் கவிழ்ந்த படகிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கப்பல் தலைவனைத் தூக்கி வந்தான். அவன் நன்றிக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டுப் போனான். இளைய வீட்டாராகிய எங்கள் கதையில் கப்பல் தலைவனுக்குப் பதில் ஒரு காலரா வைத்தியர். இந்தக் கதைகளை வைத்து இரண்டு வீடும் சண்டை போட்டதில்லை. சண்டைக்கு வேறு காரணங்கள் இருந்தன.

அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் மொர்வான் என்று கல்லில் வெட்டிய குடும்பக் கல்லறை ஒன்று உண்டு. சாவி மூத்த வீட்டுக் கஸ்பாரிடம் இருந்தது. என் அப்பா இறந்தபோது கஸ்பார் உள்ளே இடமில்லை என்று சொல்லிவிட்டார். அப்பாவைக் கடற்பக்கச் சுவரோரம் கடைசி வரிசையில் புதைத்தோம். அதே வருடம் கஸ்பார் தன் மாமியாருக்காக அந்தக் கல்லறையைத் திறந்தார். இரண்டு வருடத்தில் கடைசி வரிசை முழுவதும் கடலுக்குள் போயிற்று. கஸ்பாரை அண்ணன் என்று கூப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம். எழுதும்போது அது வரவில்லை.

நான் பிலோமின். அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் பிழை திருத்தினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு இருந்தது ஒரே தம்பி, அமலோர். என்னைவிட ஏழு வயது சின்னவன். கடல் சுவருக்கு உள்ளே கசியும் நீரை இறைத்து வெளியே தள்ளும் பம்பு ஹவுஸில் வேலை பார்த்தான். அவன் பெண்டாட்டி கல்யாணமான நாலாவது வருடம் போய்விட்டாள். அதன் பிறகு நானும் அவனும்தான் வீடு.

ஊர் இன்னும் ஐந்து வருடம்தான் தாங்கும் என்று தெரிந்தபோது, வடக்கே ஒரு குளிர்நாடு எங்களில் சிலரை ஏற்றுக்கொள்ள முன்வந்தது. எல்லோரையும் அல்ல. பழைய துரைத்தனத்தில் எங்கள் ஆட்களில் சிலர் சொந்த வழக்கத்தைத் துறக்கிறோம் என்று பதிவாளர் முன் கையெழுத்திட்டு, புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்தார்கள். அப்படி முதலில் பெயர் எடுத்தவரின் நேரடி இரத்த வாரிசுகளுக்கு மட்டும் கப்பலில் இடம். யார் நேரடி வாரிசு என்று சொல்லச் 'சரடு' என்ற இயந்திரத்தை அனுப்பினார்கள். ஊரில் பாதிப் பேரின் இரத்தத்தையும் பழைய பதிவேடுகளையும் சேர்த்துப் பார்த்து, ஒரு பெயரை அதன் முதல் ஆள் வரைக்கும் அது பின்னோக்கிக் கொண்டுபோகும். பொய் சொல்லாது என்றார்கள். உண்மைதான், அது ஒரு பொய்யும் சொல்லவில்லை.

முதலில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத்தான் மனுப் போட்டோம். ஒரு மாதம் கழித்துக் கஸ்பார் தனியாக ஒரு புகார் எழுதினார். இளைய வீட்டின் மூதாதை ஆரோக்கியம் சவரிராயனின் மகனே அல்ல, வீட்டில் பாத்திரம் தேய்த்தவள் எங்கோ பெற்று வளர விட்ட பிள்ளை, எனவே அவன் வழியினரை நீக்க வேண்டும் என்று. நகல் எங்களுக்கும் வந்தது. நான் அதை வாசித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் இரண்டு ஒற்றுப்பிழைகளைச் சிவப்பில் திருத்தி, அவர் வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தேன்.

விசாரணை பழைய சுங்கக் கட்டடத்தின் மாடியில் நடந்தது. சரட்டை இயக்கியவள் தமயந்தி என்ற பெண், சேலத்துக்காரி. ஒரு பக்கம் கஸ்பாரும் அவர் மனைவி செசிலியும் மூத்த வீட்டு ஆண்கள் எட்டுப் பேரும். இன்னொரு பக்கம் நானும் அமலோரும், என் சித்தப்பா மகள்கள் இரண்டு பேரும். கஸ்பார் எங்களைப் பார்க்காமல் உட்காரும் விதத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"பேரு எங்கேருந்து வந்துச்சுன்னு மொதல்ல சொல்லிடுறேன்" என்றாள் தமயந்தி. "பதிவேட்டு ஓரத்துல எழுத்தர் எழுதி வெச்சிருக்கார். சவரிராயன் பேரு எதுவும் யோசிச்சுட்டு வரல. மேசைமேல வாங்க ஆளில்லாத தபால் கட்டு ஒண்ணு கிடந்திருக்கு. அதுமேல இருந்த பேரக் காட்டி, இது போதும்னிருக்கார்."

"யாரு தபால்?" என்றார் கஸ்பார்.

"தெரியல சார். வாங்க ஆளில்லாததுன்னுதான் இருக்கு."

அமலோர் மட்டும் சிரித்தான். "அப்ப நமக்கு ஒரு கட்டு கடுதாசி பாக்கி வரணும்" என்றான். அவன் பகடிக்கு யாரும் சிரிக்கவில்லை. கஸ்பார், பெயரை விடு, புகாருக்கு வா என்றார்.

தமயந்தி திரையைப் பார்த்தபடி சொன்னாள். சவரிராயன் அன்று இரண்டு ஆண்பிள்ளைகளைத் தன் மக்கள் என்று பதிந்திருக்கிறார். மூத்தவர் ஞானப்பிரகாசம், இளையவர் ஆரோக்கியம். சரட்டின்படி ஒருவர்தான் அவர் பெற்ற பிள்ளை. மற்றவர் அவருடைய தம்பியின் பிள்ளை. தம்பி பெயர் எடுப்பதற்கு மூன்று வருடம் முன்பே காலராவில் போய்விட்டார். தம்பியின் மனைவியும் அதே வாரம் போய்விட்டாள்.

"அப்ப தம்பி புள்ளய எம் புள்ளன்னு எழுதிட்டாரா?" என்று அமலோர் கேட்டான்.

"ஆமா சார்."

"வேற என்னம்மா எழுதுவாரு? தம்பி புள்ளய யாரு புள்ளன்னு கேட்டா, நம்மாளுங்க எம் புள்ளன்னுதான சொல்லுவாங்க?"

"எனக்குப் புரியுது சார். சட்டத்துக்குப் புரியாது. தம்பி பேரு எடுக்காமலே செத்துப்போனவர். அவர் வழி வந்தவங்களுக்கு இந்தப் பேருல உரிமை இல்ல."

அப்போதுதான் கஸ்பார் நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு கருணை வந்திருந்தது. "பாத்திரம் தேய்க்கிறவ புள்ளன்னு தப்பா எழுதிட்டேன். மன்னிச்சுக்கம்மா பிலோமின். அநாதப் புள்ளய பாவம் பாத்து வளத்திருக்காரு, அவ்வளவுதான்" என்றார்.

"சார்" என்றாள் தமயந்தி. "தம்பி பிள்ளை ஞானப்பிரகாசம். உங்க வழி."

நான் சிரித்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்த மாடியில் அத்தனை பேர் முன்னால், செசிலி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றபோது, வயிறு வலிக்கும் வரை சிரித்தேன். கஸ்பார் எழுந்து நின்று, இந்த மிஷினுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்றார். புகாரை அவர்தானே போட்டார் என்று தமயந்தி நினைவுபடுத்தினாள். புகார் வந்திருக்காவிட்டால் பதிவேட்டில் உள்ளபடியே இரண்டு வழியையும் ஏற்றிருப்பார்களாம்.

வெளியேறும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் முடிவை உறையிலிட்டுக் கொடுத்தாள். நான் அங்கேயே பிரித்தேன். சவரிராயனின் நேரடி வாரிசு, கப்பலில் இடம் உண்டு என்று இருந்தது. அமலோர் அவன் உறையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். பிரித்துப் பார் என்றேன்.

"பிரிக்க என்ன இருக்கு? நீ என்னவோ நானும் அதுதான" என்றான்.

தமயந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னாள். சட்டத்தில் ஒரு சந்து உண்டு. ஏற்கப்பட்ட வழியின் மூத்தவர், நீக்கப்பட்ட வழியினரும் நாங்களும் ஒரே அடுப்பில் சமைத்து ஒரே குடும்பமாக வாழ்ந்தோம், அவர்களை எங்கள் ஆட்களாகவே கொள்கிறோம் என்று தன் கைப்பட எழுதி ஒப்பமிட்டால், அந்த வழி முழுவதையும் ஏற்றுக்கொள்வார்கள். ஆள் ஆளாகப் பார்க்க மாட்டார்கள். பதினைந்து நாள் அவகாசம். இளைய வீட்டில் இப்போது மூத்தவள் நான். எத்தனை பேர் என்று கேட்டேன். முப்பத்தோரு பேர் என்றாள்.

மூன்றாம் நாள் செசிலி வந்தாள். உட்காரச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசினாள், கால் வீக்கத்தைப் பற்றிப் பேசினாள், கஸ்பாருக்குத் தெரியாமல் வந்ததாகச் சொன்னாள். கல்லறைச் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே போனாள். அடுத்த நாள் மூத்த வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் வாசலில் நின்று, ஊரை விட்டு எப்படிப் போகிறாய் பார்க்கிறோம் என்று சத்தம் போட்டார்கள். சன்னலைத் திறந்து, அதைத்தான் நானும் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன் என்றேன். மாதா கோவிலில் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், பக்கத்திலிருப்பவரிடம் திரும்பிச் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பெஞ்சு முழுவதும் காலியாகக் கிடந்தது.

பன்னிரண்டாம் நாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அமலோர் பேச்செடுத்தான்.

"அக்கா, போட்டுரு."

"அப்பாவ எங்க பொதைச்சோம்னு ஞாபகம் இருக்கா?"

"நாந்தான குழி வெட்டுனேன். இருக்கு."

"மாமியாருக்குத் தொறந்தது நம்ம அப்பாவுக்குத் தொறக்கல."

"அதுக்கு முப்பத்தோரு பேரா?"

"முப்பத்தோரு பேரும் அன்னிக்கு அவரு பின்னாடிதான் நின்னாங்க."

"அதுல நாலு கைப்புள்ளக்கா. அதுங்க எங்க நின்னுச்சு?"

நான் குழம்பை அவன் பக்கம் தள்ளினேன். "ஒரே அடுப்புல பொங்கித் தின்னோம்னு எழுதணுமாம். பொய் எழுதச் சொல்றியா? நான் அந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிச்சதில்ல."

"நான் தின்னிருக்கேன்."

"நீ தின்னிருப்ப. அவரோட அம்மா, நம்ம பெரியம்மா இருந்த வரைக்கும் உன்ன மட்டும்தான் கூப்பிட்டுவெச்சுப் போடுவாங்க. எனக்கு எலயே விழாது. அத எழுதட்டுமா?"

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனான். பதினைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தைப் பூட்டினார்கள். அந்த நேரத்தில் நான் வீட்டில் அகராதிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எதை எடுத்துப் போவது, எதை விடுவது என்பதுதான் அன்று எனக்குப் பெரிய கவலையாக இருந்தது.

பத்து நாள் கழித்துக் கப்பல் பட்டியல் ஒட்டினார்கள். அமலோர்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். உன் பெயர் தை மாதக் கப்பலில் இருக்கிறது, பம்பு ஆட்களைக் கடைசிக் கப்பலில்தான் அனுப்புவார்களாம், அதுவரைக்கும் இறைக்க ஆள் வேண்டுமே என்றான். சரியாகத்தான் பட்டது. நான் போய்ப் பட்டியலைப் பார்க்கவில்லை. பிழை திருத்துகிறவள் மூலத்தைப் பார்க்காமல் விட்டது என் வாழ்வில் அந்த ஒரு தடவைதான். கப்பலடியில் என் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தான். குளிருக்குக் காதை மூடிக்கொள் என்றான். ஐப்பசிக்குள் வந்துவிடுவேன் என்றான்.

ஐப்பசியில் சுவர் உடைந்தது.

எனக்கு இங்கே கொடுத்திருந்த ஒற்றையறையில் உட்கார்ந்து செய்தியைப் பார்த்தேன். மூன்றாம் எண் பம்பு மட்டும் நாலு மணி நேரம் நிற்காமல் ஓடியது, அதனால் அந்தத் தெருக்காரர்கள் பலர் பள்ளிக்கூட மாடிக்குப் போய்ச் சேர முடிந்தது என்றார்கள். மூன்றாம் எண் பம்பின் தெருவில்தான் மூத்த வீடு. இரண்டு நாள் கழித்து இறந்தவர்களின் முதல் பட்டியல் வந்தது. 'அமலோர், பம்பு இயக்குநர்' என்று இருந்தது. அவனுக்கு மேலும் கீழும் இருந்தவர்களுக்கு இருந்த குடும்பப் பெயர் அவனுக்கு இல்லை. அவசரத்தில் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, திருத்தச் சொல்லி எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். மொத்தம் நாலு கடிதம்.

ஒரு வருடம் கழித்து ஒரு மத்தியானம் கஸ்பார் தொலைபேசியில் கூப்பிட்டார். திருவாரூர்ப் பக்கம் முகாமில் இருப்பதாகச் சொன்னார். அவர் வீட்டில் ஒன்பது பேர் போய்விட்டார்கள், செசிலியும் கைக்குழந்தைகளில் ஒன்றும் அதில் அடக்கம். அவர் ஆறுதலுக்குக் கூப்பிடவில்லை.

"அவம் பேருல மொர்வான் விட்டுப்போச்சுன்னு கடுதாசி மேல கடுதாசி போடுறியாம். அதெல்லாம் இங்க முகாம் ஆபீசு வழியா எங்கிட்டதான் வருது" என்றார்.

"தப்பா விட்டுட்டாங்க."

"தப்பா விடல. எங்க வழிக்கு அந்தப் பேரு இல்லன்னுட்டாங்கல்ல. அவன் எந்தம்பி."

பங்காளி வீட்டில் எல்லோரும் அண்ணன் தம்பிதான், இப்போது என்ன திடீர்ப் பாசம் என்றேன்.

"நான் மொறைய சொல்லலடி. எங்கம்மா வயித்துல பொறந்தவன். எங்கப்பனுக்குப் பொறந்தவன். அவன் உறையில எழுதியிருந்துச்சு."

அவரே விவரம் சொன்னார். என் அம்மாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து அன்றே இறந்ததாம். அதே வாரம் பெரியம்மாவுக்கு ஆறாவது பிறந்திருக்கிறது. அப்போது இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை உண்டு. மூன்றாம் நாள் பெரியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் அம்மா மடியில் வைத்துவிட்டுப் போனாள். காகிதம் எதுவும் இல்லை. ஞானஸ்நானத்தின்போதே எங்கள் அப்பா பெயரைத்தான் எழுதினார்கள். பெரியவர்கள் நாலு பேரும் அதைத் தங்களோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பிள்ளை இறந்துவிட்டது என்றே நம்பியிருந்த கஸ்பாருக்கு, உறையைப் பார்த்த பிறகு, பிரசவம் பார்த்த கிழவியிடம் கேட்டபோதுதான் விவரம் தெரிந்ததாம்.

எனக்கு அப்போது ஏழு வயது. தரங்கம்பாடியில் சித்தி வீட்டில் விட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அவன் தூளியில் இருந்தான். பார்த்துக்கொள், உன் தம்பி என்று அம்மா சொன்னாள். அதற்கு மேல் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

"அவனுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"பட்டியல் ஒட்டின அன்னிக்கு. அவம் பேரு இல்ல. அப்பறம்தான் உறையப் பிரிச்சிருக்கான். நேரா எங்கிட்ட வந்தான். ரெண்டு பேரும் அந்த சேலத்துப் பொண்ணுகிட்ட போயி நின்னோம். அவகாசம் முடிஞ்சிருச்சு, ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டா. நாந்தான் சொன்னேன், உங்கக்காகிட்ட போயி சொல்லுடா, அவளும் தெரிஞ்சுக்கட்டும்னு. சொல்லக் கூடாதுன்னு எங்கையப் புடிச்சுக்கிட்டான்."

"ஏன்?"

"தெரிஞ்சா நீ கப்பல் ஏற மாட்டியாம்."

அங்கே யாரோ பாத்திரத்தைத் தட்டிச் சோற்றுக்குக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"முப்பத்தோரு பேருன்னு கணக்கு பாத்தியே, அதுல ஒண்ணு அவன். போன ஒம்பதுலயும் ஒண்ணு அவன்" என்றார் கஸ்பார். "நான் பாவிதான். புகார் எழுதினது நான். ஆனா அவன் கேட்டப்ப மாட்டேன்னது நீ. நான் உனக்கு ஒரு கல்லறையத்தான் அடச்சேன் பிலோமின்."

தொடர்பைத் துண்டித்துவிட்டார். அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

சென்ற வாரம் இங்குள்ள பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். இந்த நாட்டில் யார் வேண்டுமானாலும் குடும்பப் பெயரை மாற்றிக்கொள்ளலாம். எங்களைப் போலப் பெயரால் வந்தவர்கள் மாற்றினால் வசிக்கும் அனுமதி போய்விடும். எழுத்தர் இளைஞர், மரியாதையானவர். மொழிபெயர்க்கும் கருவியை நடுவில் வைத்து, மூன்று தரம் அதைச் சொல்லி, மூன்று தரம் புரிந்ததா என்று கேட்டார். பங்குனி வரைக்கும்தான் நீங்கள் இங்கே இருக்கலாம் என்றார். புரிந்தது என்றேன். எங்கே போவீர்கள் என்று கேட்டார். அது படிவத்தில் இல்லை என்றேன்.

துறக்கும் பெயர் என்ற இடத்தில் மொர்வான் என்று எழுதினேன். எடுக்கும் பெயர், அமலோர். என்னுடன் இந்தப் பெயரை எடுப்பவர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. முகாமில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் எனக்கு முகம் தெரிந்தவர்கள். கஸ்பாரும் நினைவுக்கு வந்தார். கோடு கிழித்துவிட்டேன். நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

கடைசிக் கட்டம் பெயரின் தோற்றம். யாரிடமிருந்து இந்தப் பெயர், அவர் உங்களுக்கு என்ன உறவு. என் தம்பி என்று எழுதினேன். எழுத்தர் அதைத் தட்டச்சு செய்ததும் திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது. சரடு இங்கேயும் இருக்கிறது. அவர் எனக்குத் தமிழில் மாற்றிக் காட்டினார். உறவு பொருந்தவில்லை, ஆறாம் தலைமுறைப் பங்காளி என்று இருந்தது.

இதையே போடட்டுமா என்று கேட்டார். விதிப்படி யார் சொல்வதை எழுத வேண்டும் என்று கேட்டேன். அவர் ஏதோ புத்தகத்தைப் புரட்டினார். பெயரை முதலில் எடுப்பவர் சொல்வதைத்தான், ஆனால் இயந்திரம் வேறு சொல்கிறதே என்றார்.

"தம்பின்னு எழுதுங்க" என்றேன்.